பிடியரிசி லொறி

அத்தியாயம் 7

பசித்தவன் துப்பறியப் போகக்கூடாது. இது என் சொந்த அனுபவம். ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடை மாடியில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டியிருக்கும் என் முதலாளி நமசிவாயம் அண்ணைக்கு இந்த நியாயம் ஏறாது. வழக்கு ஒன்று வந்துவிட்டால் வயிறு என்று ஓர் உறுப்பு இருப்பதையே மறந்துவிடுவார். அவருடைய உதவியாளன் சிமியோனாகிய எனக்கு வழக்கு மறந்தாலும் வயிறு மறக்காது. அந்த வெள்ளிக்கிழமை காலை, மார்கழி மழையில், ஒரு பழைய பெட்போர்ட் லொறியின் பின்பக்கத்தில் வெறும் சாக்குகளுக்கு நடுவே இருவரும் குந்தியிருந்தோம். காலைச் சாப்பாடு கிடையாது.

ஊரில் அந்த லொறிக்குப் பெயர் பிடியரிசி லொறி. சண்டிலிப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்கார வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு மண்முட்டியில் போட்டு வைப்பார்கள். கோயிலுக்கென்று இருந்த பழைய வழக்கம். மாரிக் காலத்தில் வாடைக்காற்று எழும்பிவிட்டால் வடகரையில் மீன்பிடி வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் கவிழ்ந்து கிடக்கும், அங்கே அடுப்பு எரியாது. அதைப் பார்த்த சோமசேகரம் ஐயா அந்தப் பிடியரிசியைச் சேர்த்துக் கடற்கரைக்குக் கொண்டுபோக ஒரு சங்கம் தொடங்கினார். வெள்ளிக்கிழமை வீடு வீடாகச் சேர்ப்பார்கள். அன்றிரவு சங்கக் கொட்டிலில் வைத்துப் பூட்டுவார்கள். சனிக்கிழமை கரையோரம் போய், பால் தகரப் பேணியைச் சுண்டு அளவாக வைத்து அளந்து கொடுப்பார்கள். நல்ல காரியம். நல்ல காரியத்துக்குள்தானே கள்ளன் நுழைவான்.

வெள்ளியன்று விம்மிக்கொண்டு உள்ளே போகிற சாக்குகள் சனியன்று வாய் தொங்கி வெளியே வந்தன. பூட்டு உடையவில்லை. கூரை பிரியவில்லை. மாதம் ஒன்றாக இதே கதை.

சோமசேகரம் ஐயா வேலையிலிருந்து இளைப்பாறிய ஸ்டேஷன் மாஸ்டர். இன்னும் வாயில் விசில் இருப்பவர் போலத்தான் பேசுவார். அன்று காலை எங்களைக் கூப்பிட்டு வாசலிலேயே வைத்துச் சொல்லிவிட்டார்.

“மிஸ்டர் நமசிவாயம், இண்டைக்குப் பின்னேரம் வாசிகசாலையிலை கூட்டம். கள்ளன் ஆரெண்டு நீர் அங்கை சொல்லவேணும். இல்லாட்டி நாளையிலையிருந்து லொறி நிக்கும். கள்ளனுக்குத் தீனி போட நான் சங்கம் நடத்தேல்லை.”

“ரயில் பிந்தி வந்தால் தண்டவாளத்தைக் கிளப்பிறதோ ஐயா?” என்று நான் கேட்டேன்.

ஐயா சிரிக்கவில்லை. அண்ணையும் சிரிக்கவில்லை. இருவருக்கும் சேர்த்து நானே சிரித்துவிட்டு லொறியில் ஏறினேன்.

சிரிப்பு உள்ளே போகவில்லை என்பது வேறு கதை. போன சனிக்கிழமை மாதகல் கரையில் சின்னாச்சி என்ற பெண்ணைப் பார்த்திருந்தேன். புருஷன் வள்ளக்காரன். கடலுக்குப் போக வழியில்லாமல் வலையை முடிந்து முடிந்து பிரித்துக்கொண்டிருந்தான். அவள் நீட்டிய பைக்குள் வழக்கத்தில் பாதிதான் விழுந்தது. பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “இது காணாது தம்பி. எண்டாலும் நாளைக்கு லொறி வரும் எண்டு சொன்னால்தான் பிள்ளையள் நித்திரை கொள்ளுதுகள். லொறி நிண்டால் அதுகளுக்கு என்னத்தைச் சொல்லுறது?”

லொறி ஒழுங்கைக்குள் திரும்பியது. அண்ணை ஒரு வெறும் சாக்கை உதறினார். மடிப்புக்குள் ஒட்டியிருந்த அரிசி உள்ளங்கையில் விழுந்தது.

“ஐசே சிமியோன், நீர் கள்ளனெண்டால் உந்த அரிசியை எங்கை விப்பீர்?”

“சந்தையிலைதான்.”

“உதை ஆர் வாங்குவான்? வடிவாய்ப் பாரும். சிவப்புக் கிடக்கு, வெள்ளை கிடக்கு, சம்பா கிடக்கு, பச்சையரிசியும் கிடக்கு. ஒரு உலையிலை போட்டால் ஒண்டு குழையும், ஒண்டு கல்லாய்க் கிடக்கும். எந்தக் கடைக்காரனும் கை நீட்டான்.”

ஒரு கிழமையாக மழையில் சந்தை சந்தையாக நான் அலைந்தது வீண் என்று இதற்கு அர்த்தம். “உதை அலைய முதல் சொல்லியிருக்கலாமே அண்ணை?”

“அலைஞ்சபடியாத்தான் ஐசே எனக்கு உறுதியாச்சு. கள்ளன் விக்கேல்லை. ஆரோ சமைக்கினம்.”

“கொட்டிலுக்கு ரெண்டு சாவி. ஒண்டு ஐயாவிட்டை, மற்றது முன்னுக்கு இருந்து லொறி ஓட்டுற தம்பிஐயாவிட்டை. ஐயா எடுக்கமாட்டார். அப்ப மிச்சம் ஆர்? உதுக்குத் துப்பறிவாளர் வேணுமோ?”

“தம்பிஐயா வீட்டுக்கு நேற்றுப் போனன். மனிசியும் பிள்ளையளும் மரவள்ளிக்கிழங்கு அவிச்சுத் தின்னுதுகள். சாக்குச் சாக்காய் அரிசி எடுத்தவன் ஏன் கிழங்கு தின்னுறான்?”

நான் சாக்கை விரித்துப் பிடித்தேன்.

முதல் வீட்டில் முட்டியோடு வந்த பெண் சாக்கில் கவிழ்த்தாள். சுத்தச் சிவப்பரிசி. வண்டு வராமல் இருக்கப் போட்டு வைத்த வேப்பிலைகள் இரண்டும் கூடவே விழுந்தன. அவள் குனிந்து சாக்குக்குள் எட்டிப் பார்த்தாள்.

“தம்பி, முன்வீட்டுக்காரி எவ்வளவு போட்டவ?”

“இன்னும் அங்கை போகேல்லை அக்கா.”

“போனால் பாரும். போன முறை என்னைவிடக் கூடப் போட்டவ எண்டு ஊரெல்லாம் கதைச்சுக்கொண்டு திரியிறா.”

முன்வீட்டில் வெள்ளையரிசி. வேப்பிலைக்குப் பதில் காய்ந்த செத்தல் மிளகாய் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணும் சாக்குக்குள் எட்டிப் பார்த்தாள், அதே கேள்வியைக் கேட்டாள். ஒழுங்கை முழுக்க இதே கூத்துத்தான். தர்மம் செய்வதில் இவ்வளவு போட்டி இருக்கும் என்று தெரிந்திருந்தால் எங்கள் மாதா கோயில் சுவாமியார் உண்டியலைத் தெருவில் வைத்திருப்பார்.

ஒழுங்கையின் நடுவில் ஒரு பெரிய கல்வீடு. பச்சைப் பெயின்ற் அடித்த இரும்புக் கேற். ‘மிளகாய் வீடு’ என்று ஊரார் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் அரசாங்கம் தடுத்திருந்த காலத்தில், தோட்டக்காரர் மிளகாய்க் காசில் இப்படித்தான் வீடு கட்டினார்கள். வீட்டுக்காரர் நாகலிங்கம். அவர் மனைவி கமலாவதி, தலை வாரி, விபூதி பூசி, இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடிக்க வேண்டிய முட்டியோடு கேற்றடிக்கு வந்தார். கழுத்துவரை அரிசி.

“அக்கா, உங்களைப்போலை நாலு வீடிருந்தால் கடற்கரை முழுக்கப் பொங்கலாம்,” என்றேன்.

அவர் மெல்லச் சிரித்தார். “போன கிழமையைவிடக் குறைவோ தம்பி?”

“குறைவோ! நீங்கள்தான் முதலாவது.”

அண்ணை நான் வாங்கவிருந்த முட்டியைத் தானே வாங்கினார். கவிழ்க்கவில்லை. உள்ளே கையைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பிடியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மிச்சத்தைச் சாக்கில் கொட்டினார்.

“அம்மா, உது என்ன அரிசி?”

“எங்கடை வீட்டரிசிதான் ஐயா.”

முன்னால் தம்பிஐயா என்ஜினை ஒரு முறை உறுமவிட்டான். லொறி அவசரமாகப் புறப்பட்டது. ஒழுங்கை முடிகிற இடத்தில் அண்ணை தட்டி நிறுத்தினார். இறங்கி, என் கையைப் பிடித்து விரித்து, பையிலிருந்த அரிசியை அதில் கொட்டினார்.

“என்ன தெரியுது?”

“சோறாக்கினால் எனக்கு ஒரு வாய் தெரியுது.”

“விசர்க்கதை கதையாதையும். பாரும்.”

பார்த்தேன். சிவப்பு. வெள்ளை. சம்பா. பச்சையரிசி. நடுவில் ஒரு வேப்பிலை. பக்கத்தில் ஒரு செத்தல் மிளகாய்த் துண்டு.

“ஒரு வீட்டிலை வேப்பிலை போடுவினம். இன்னொரு வீட்டிலை செத்தல் போடுவினம்,” என்றார் அண்ணை. “ரெண்டும் போட்டு, நாலுவிதமான அரிசியையும் கலந்து வைக்கிற வீடு இந்த ஊரிலை இருக்கோ? உது வீட்டரிசியில்லை ஐசே. உது பல வீட்டு அரிசி. ஒருக்கால் இந்த லொறியிலை ஏறி இறங்கின அரிசி.”

எனக்குப் புல்லரித்தது. “அப்ப கள்ளி உந்தக் கல்வீட்டுக்காரி! எங்கடை அரிசியை எடுத்து எங்களுக்கே தானம் பண்ணுறா. முதலாவது எண்டு நான் வேறை புகழ்ந்துபோட்டன்!”

அண்ணை திரும்பி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எங்களுக்குப் பின்னால் இன்னொரு ஓட்டம் கேட்டது. தம்பிஐயா.

“ஐயா, அங்கை போகவேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

அண்ணை நிற்கவில்லை.

கேற் திறந்திருந்தது. முன்விறாந்தையைத் தாண்டியதும் எனக்குத் தும்மல் பிடித்தது. விருந்தினர் இருக்கவேண்டிய முன்னறையில் கூரைவரை சாக்குகள். எல்லாம் செத்தல் மிளகாய். இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு இந்த மிளகாயைக் கேட்பாரில்லை. விலை ஏறும் ஏறும் என்று வைத்திருந்து மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அந்தச் சாக்குகளுக்கு நடுவே சாய்மனைக் கதிரையில் நாகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நாங்கள் வந்ததை அவர் அறிந்தார். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை.

கமலாவதி குசினி வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் அடுப்புத் தெரிந்தது. மத்தியானமாகிவிட்டது. சாம்பல் குளிர்ந்து கிடந்தது.

“பார்த்திட்டியளோ?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா,” என்றார் அண்ணை.

“நான் எடுக்கேல்லை. சனிக்கிழமை விடியப் பின்வேலியடியிலை ஒரு பை கிடக்கும். ஆர் வைக்கினம் எண்டு கேக்க எனக்குத் தைரியம் வரேல்லை. ஆனால் அரிசியைக் கண்டவுடனை விளங்கியிட்டுது. விளங்கித்தான் சமைச்சன். கடவுள் தந்தது எண்டு சாட்டுச் சொல்ல நான் குழந்தையில்லை.”

“அப்ப ஏன் திருப்பி முட்டியிலை போட்டனீங்கள்?” என்று கேட்டது நான்தான். கேட்டிருக்கக்கூடாது.

“வெள்ளிக்கிழமை எங்கடை முட்டி கேற்றடிக்கு வராட்டி ஒழுங்கையிலை என்ன கதைப்பினம் தம்பி? அரைவாசியைச் சமைச்சம். அரைவாசியை வைச்சன். முந்தியே முட்டியை நிறைச்சுப் பழகிப்போச்சு. இப்ப குறைக்கேலாது.”

“அரசாங்கத்தின்ரை உணவு முத்திரைக்கு எழுதிப் போட்டிருக்கலாமே?” என்றார் அண்ணை.

“கல்வீட்டுக்காரருக்கோ? அதோடை அதை எழுதுற ஊர் விதானையார் இவற்ரை மச்சான். தையிலை மகளுக்குக் கலியாண எழுத்து வைக்க இருக்கிறம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் இந்த வீட்டைப் பாத்துத்தான் ஓமெண்டவை.”

பின்னால் தம்பிஐயா மழையில் நனைந்தபடி நின்றான். “நான்தான் வைச்சனான் ஐயா,” என்றான். “மிளகாய் நல்லாய் விலைபோன காலத்திலை இவையின்ரை தோட்டத்திலைதான் நான் வேலை செய்தனான். பசியோடை ஒரு நாளும் என்னை அனுப்பினதில்லை. கார்த்திகையிலை ஒரு வெள்ளிக்கிழமை அம்மா முட்டியைக் கவிட்டா. அரிசி விழுந்தபிறகு உள்ளுக்கை கையைவிட்டுச் சுரண்டினா. நகம் முட்டியிலை படுற சத்தம் கேட்டுது. வீட்டிலை இருந்த கடைசி அரிசியை லொறிக்குத் தாறா எண்டு எனக்கு அப்ப தெரிஞ்சுது. என்னாலை அதைக் கொண்டு போகேலாமப் போச்சு.”

“சாக்குக் குறைஞ்ச அளவுக்கு ஒரு வீட்டாலை தின்னேலாது,” என்றார் அண்ணை மெதுவாக. “வேறை எத்தினை வீட்டுக்கு வைச்சனீர்?”

“அதை மட்டும் கேளாதையுங்கோ ஐயா.”

எனக்கு ஒழுங்கை முழுக்கக் கண்ணுக்குள் வந்தது. சாக்குக்குள் எட்டிப் பார்த்த முகங்கள் எல்லாம் வந்தன. அவற்றில் எது போட்டிக்கு எட்டிப் பார்த்தது, எது பசியில் எட்டிப் பார்த்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கண் எரிந்தது. மிளகாய்தான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

“அக்கா, நாளைக்கு என்ரை சம்பளத்திலை ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வந்து...” என்று தொடங்கினேன்.

“ஆர் வந்து இறக்கினதெண்டு ஒழுங்கை கேக்கும் தம்பி. நான் என்ன சொல்ல?” என்றவர் அண்ணையிடம் திரும்பினார். கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, பின்னேரம் கூட்டத்திலை நீங்கள் கதைப்பியள். என்னைக் கள்ளியெண்டு சொன்னாலும் பரவாயில்லை. பசியெண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ.”

அண்ணை எத்தனையோ கள்ளரை மடக்கியவர். அந்தக் கும்பிட்ட கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

பின்னேரம் வாசிகசாலை நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் முன்வரிசையில் கமலாவதி. மூலையில் சுவரோடு தம்பிஐயா. சோமசேகரம் ஐயா நேரத்துக்குத் தொடங்கினார்.

“சொல்லும் மிஸ்டர் நமசிவாயம். கள்ளன் ஆர்?”

அண்ணை எழுந்தார். “அதுக்கு முதல் ஒரு விஷயம் ஐயா. லொறி கடற்கரைக்குக் குடுக்கிறதோடை, சேர்க்கிற ஊரிலையும் கொஞ்சம் குடுத்தால் என்ன?”

“எங்கடை ஊரிலையோ?” ஐயா உண்மையிலேயே திகைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. “எங்கடை ஊரிலை பட்டினி கிடக்கிறது ஆர்? பேரைச் சொல்லும். இந்தக் கூட்டத்திலையே எழுப்பி நிப்பாட்டி, கையிலை குடுக்கிறன்.”

கமலாவதி தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் இன்னும் சிலரும் குனிந்திருந்தார்கள்.

“ஒருத்தருமில்லைத்தானே?” என்றார் ஐயா. “சரி, கள்ளன் ஆர்?”

“எனக்குத் தெரியேல்லை ஐயா,” என்றார் நமசிவாயம் அண்ணை.

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லோடு நாளைய லொறி நின்றுவிடும் என்பது அவருக்கும் தெரியும். எனக்குச் சின்னாச்சியின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். எழுந்து உண்மையைக் கத்திவிடலாம் என்று தோன்றியது. முன்வரிசையைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

“அப்ப முடிஞ்சுது. நாளையிலையிருந்து லொறி...”

“நான்தான் எடுத்தன்,” என்றான் தம்பிஐயா. “வித்துக் குடிச்சுப்போட்டன்.”

கள்ளுக்கொட்டில் வாசலைக்கூட மிதிக்காதவன். பக்கத்திலிருந்த ஒருவர் எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தார். “கடற்கரைச் சனத்தின்ரை வயித்திலை அடிச்ச நாய்!” என்று கத்தினார்கள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. அண்ணை ஓர் அடி முன்னால் வைத்தார். தம்பிஐயா வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அந்த அடியோடு அண்ணை நின்றுவிட்டார்.

சோமசேகரம் ஐயா கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். முன்வரிசைக்குத் திரும்பினார்.

“நாகலிங்கத்தின்ரை வீடுதான் கூடக் குடுக்கிற வீடு. அவையின்ரை அரிசியைத்தான் இவன் கூட எடுத்திருப்பான். அம்மா, நீங்களே சொல்லுங்கோ. உவனை என்ன செய்வம்?”

கமலாவதி எழுந்தார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். முழு ஊரும் அவரையே பார்த்தது. தம்பிஐயாவும் பார்த்தான்.

“பொலிசுக்குக் குடுக்கவேண்டாம்,” என்றார். சற்று நிறுத்தினார். “வேலையாலை நிப்பாட்டுங்கோ.”

“பெருந்தன்மை எண்டால் உது!” என்றார் ஐயா. கை தட்டினார்கள். லொறி நாளைக்கு வழக்கம்போல ஓடும் என்று அறிவித்தார். கடற்கரைக்கு அரிசி முழுதாகப் போய்ச் சேரும். சின்னாச்சியின் பை நிறையும். எங்கள் வழக்கு முடிந்தது. நாங்கள் வென்றுவிட்டோம் என்றுகூடச் சொல்லலாம், சொல்ல வெட்கமில்லாதவர்கள்.

ஐயா தம்பிஐயாவின் மடியிலிருந்த கொட்டில் சாவியை வாங்கினார். “இனி உது கூலிக்காரர் கையிலை இருக்கக்கூடாது. குறைவில்லாத வீட்டிலை இருக்கவேணும்,” என்று சொல்லி, அதைக் கமலாவதியின் கையில் வைத்தார்.

வெளியே மழை விடவில்லை. இறவாரத்தின் கீழ் நின்றோம். தம்பிஐயா எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

“அண்ணை,” என்றேன், “அரிசிக் கொட்டில் சாவி இப்ப அவவிட்டை. ரெண்டு சுண்டு எடுத்தால் ஆருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“எடுப்பாவோ?”

“எடுக்கமாட்டா ஐசே. தம்பிஐயா வைச்சதாலை சமைச்சா. தன்ரை கையாலை எடுக்கமாட்டா. இனி வைக்கவும் ஆளில்லை.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “நான் இந்த வழக்கை எடுத்திருக்கக்கூடாது.”

கமலாவதி அயல் பெண்களோடு வெளியே வந்தார். சாவி சேலைத் தலைப்பில் முடியப்பட்டிருந்தது. எங்களைக் கண்டதும் நின்றார். பெண்களும் நின்றார்கள்.

“தம்பி,” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், “வாற வெள்ளிக்கும் முட்டி நிறைச்சு வைப்பன். மறக்காமல் வாங்கோ.”

“ஓம் அக்கா, வாறம்,” என்றேன்.